விஸ்கி விற்கலாம், அந்த மாத்திரை ஆகாது: ஜப்பானில் எது போதைப்பொருள்?

2025 செப்டம்பர் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த ஒரு செய்தி பலரைக் குழப்பியது. சன்டோரி நிறுவனத்தின் தலைவர் தகேஷி நீனாமி பதவி விலகினார். சன்டோரி என்றால் யமசாகி விஸ்கி, பீர், டப்பாவில் அடைத்த சுஹாய் என்ற மதுபானம். அவர் விலகியதற்குக் காரணம் மதுவும் இல்லை, பண விவகாரமும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த சத்து மாத்திரைகளில் கஞ்சாவின் போதைக்கூறான டி.எச்.சி. இருக்கலாம் என்று காவல்துறை சந்தேகித்தது. அவர் வீட்டைச் சோதித்தார்கள். சட்டவிரோதமாக எதுவும் கிடைக்கவில்லை என்று செய்திகள் சொல்லின. சட்டப்படி சரியான பொருள் என்று நினைத்தே வாங்கியதாக அவர் விளக்கினார். ஆனாலும் நாற்காலியை விட வேண்டியிருந்தது.

உலகம் முழுக்க விஸ்கி விற்கிறவர் ஒரு மாத்திரைச் சந்தேகத்துக்காக வெளியேறுவது தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வேடிக்கையாகத் தெரியும். ஜப்பானியக் கணக்கில் இதில் முரண் எதுவும் இல்லை. அந்தக் கணக்கு எப்படி உருவானது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

சொற்களிலேயே ஒரு சுவர்

தமிழில் கள்ளுக்கும் கஞ்சாவுக்கும் போதை என்ற ஒரே சொல்தான். குடிபோதை, கஞ்சா போதை என்று முன்னால் ஒன்றை ஒட்டினால் போதும். அதனால் மது ஒரு போதைப்பொருளா என்ற கேள்வியே நமக்கு விசித்திரமாகப் படும்.

ஜப்பானிய மொழியில் இந்தப் பாலம் கிடையாது. குடித்தவர் 'யொப்பராய்', அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், முகம் சுளிப்பார்கள், கடைசி ரயிலில் ஏற்றிவிடுவார்கள். சட்டம் தடுத்த பொருட்களோ 'யகுபுத்சு' என்ற தனி வகை. அதற்குள் சில பிரிவுகள் உண்டு: 'மயகு' என்றால் ஹெராயின், கோக்கெய்ன் போன்றவை, 'ககுசெய்சாய்', அதாவது விழிப்பூட்டி, என்றால் மெத்தம்பெட்டமைனும் அதன் உறவுகளும், 'தாய்மா' என்றால் கஞ்சா. இவற்றுக்கு ஆங்கிலத்திலிருந்து வந்த 'தொரக்கு' என்ற பேச்சுச் சொல்லும் உண்டு. தலைவலி மாத்திரையும் ஷாம்பூவும் விற்கிற கடைக்கும் அதே சொல்லை வைத்து 'தொரக்கு ஸ்தோஆ' என்றுதான் பெயர். கட்டுரையின் கடைசியில் இந்தக் கடைக்குள் மறுபடி போக வேண்டியிருக்கும்.

எந்தப் பொருள் எந்தச் சட்டத்தில்?

ஒரே போதைப்பொருள் சட்டம் என்று ஜப்பானில் எதுவும் இல்லை. பொருளுக்கொரு சட்டம்.

1. கஞ்சாச் சட்டம், 1948. அமெரிக்கப் படைகளின் ஆக்கிரமிப்பு ஆட்சியில் வந்தது. 2024 டிசம்பரிலிருந்து சாகுபடிக்கு மட்டும்தான் இது; கஞ்சா வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் கீழே வரும் மூன்றாவது சட்டத்துக்குப் போய்விட்டன.
2. விழிப்பூட்டிச் சட்டம், 1951. வைத்திருந்தாலோ பயன்படுத்தினாலோ 10 ஆண்டு வரை சிறை. லாபத்துக்காகக் கடத்தி வந்தால் ஆயுள் வரை போகலாம். சிங்கப்பூர்போல இதற்குத் தூக்கு கிடையாது.
3. போதை மருந்துச் சட்டம், 1953. ஹெராயின், கோக்கெய்ன், எம்.டி.எம்.ஏ. இதில் வரும். தூக்க மாத்திரை வகைகளுக்கான கட்டுப்பாடும் பின்னாளில் இதிலேயே சேர்ந்தது.
4. அபின் சட்டம், 1954.

இவற்றில் அகப்படாத புதுப்புது ரசாயனங்களை மருந்துகளுக்கான பொதுச் சட்டத்தின்கீழ் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடை செய்கிறார்கள். மதுவும் புகையிலையும் இந்தப் பட்டியல்களின் பக்கத்தில்கூட இல்லை. அவை நிதி அமைச்சகத்தின் வட்டாரம், வரி விஷயம்.

மருந்துக்கடையில் விற்ற ஹிரோபொன்

போருக்குப் பிறகு ஜப்பானியர் மிகவும் அஞ்சிய போதைப்பொருள் வெளிநாட்டுச் சரக்கு இல்லை, உள்ளூர்க் கண்டுபிடிப்பு. நாகாய் நாகயோஷி என்ற வேதியியலாளர் 1885இல் எபெட்ரா என்ற மூலிகைச் செடியிலிருந்து எபிட்ரினைப் பிரித்தெடுத்தார். ஆஸ்துமாவுக்கு நல்ல மருந்து அது. அதிலிருந்தே 1893இல் மெத்தம்பெட்டமைனைச் செய்தார். பல காலம் அதற்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லை.

1941இல் ஒரு பெரிய மருந்து நிறுவனம் அதை 'ஹிரோபொன்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. உழைப்பை நேசிப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அசதி போகும், தூக்கம் வராது, வேலை ஓடும் என்பதுதான் விளம்பரத்தின் சாரம். போர்க்காலத்தில் விமானிகளுக்கும் இரவுப் பணித் தொழிலாளர்களுக்கும் கொடுத்தார்கள். அப்போது அதை விழுங்குவது நாட்டுக்குச் செய்யும் கடமை.

1945இல் போர் முடிந்ததும் ராணுவக் கிடங்குகளில் இருந்த சரக்கு வெளியே வந்தது. ஊர் முழுக்க இடிபாடு, பசி, வேலையின்மை. எழுத்தாளர்கள், மேடைக் கலைஞர்கள், மாணவர்கள், இரவெல்லாம் வண்டி ஓட்டுகிறவர்கள் என்று பலரும் ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். 1951இல் சட்டம் வந்தது. 1954இல் மட்டும் ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பிடியை இறுக்கியதில் சில ஆண்டுகளிலேயே ஆண்டுக் கைது ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. 1970களில் யாகுசா என்ற குற்றக் கும்பல்கள் கையில் இரண்டாவது அலை எழுந்தது. அதற்குப் பதிலடியாக 1980களில் தொலைக்காட்சியில் வந்த அறிவிப்பு ஒரு தலைமுறைக்கே மனப்பாடம்: விழிப்பூட்டியை விடுகிறாயா, இல்லை மனிதனாக இருப்பதை விடுகிறாயா? 1987இல் 'தாமே. ஜெத்தாய்.' என்ற இயக்கம் தொடங்கியது. 'கூடாது. ஒருபோதும்.' என்று பொருள். பள்ளிச் சுவர்களில் இன்றும் ஒட்டியிருக்கும்.

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, பொருள் மாறவே இல்லை. அது வந்த வாசல்தான் மாறியது. அரசும் நிறுவனமும் கொடுத்தபோது மருந்து, கும்பல் கொடுத்தபோது நஞ்சு. இரண்டு, கடுமை பலன் தரும் என்ற நம்பிக்கை அங்கே வெறும் பிடிவாதமாக இல்லை. 1950களின் அனுபவம் அதற்குச் சாட்சியாக நின்றது. தடையைத் தளர்த்துங்கள் என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லும்போது ஜப்பானிய அதிகாரிகள் அசைந்துகொடுக்காததன் வேர் இங்கே இருக்கிறது என்றே தோன்றுகிறது.

கோயில் கயிறும் கஞ்சாச் செடியும்

கஞ்சாவின் கதை வேறு மாதிரி. அந்தச் செடியின் நார் ஜப்பானில் பல ஆயிரம் ஆண்டுப் பழக்கம். உடை, மீன்வலை, கயிறு எல்லாம் அதில்தான். ஷிண்டோ கோயில்களில் தூய்மைச் சடங்குக்கு அந்த நார் வேண்டும். புதிய பேரரசர் பட்டமேற்றபின் நடக்கும் தாய்ஜோசாய் சடங்குக்கான துணியை இன்றும் தொகுஷிமாவில் விளைந்த கஞ்சா நாரில்தான் நெய்கிறார்கள். 2019இலும் அப்படியே நடந்தது.

1948 சட்டத்தில் ஒரு விநோதம் இருந்தது. செடியை வளர்ப்பதும் வைத்திருப்பதும் குற்றம். புகைப்பது குற்றம் இல்லை. அறுவடையின்போது உழவர்கள் அறியாமல் உள்ளிழுத்துவிடலாம், அவர்களைத் தண்டிக்க முடியாது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். 1950 வாக்கில் உரிமம் பெற்ற சாகுபடியாளர்கள் இருபதாயிரத்துக்கு மேல். நைலான் வந்ததும் அந்தத் தொழில் கரைந்து, இப்போது விரல்விட்டு எண்ணுகிற குடும்பங்கள்தான் மிச்சம்.

கனடாவும் தாய்லாந்தும் அமெரிக்க மாநிலங்களும் கஞ்சாவைத் திறந்துவிட்ட காலத்தில் ஜப்பான் எதிர்த்திசையில் நடந்தது. 2023இல் கஞ்சா வழக்குகளில் காவல்துறை பிடித்தவர்கள் 6,482 பேர். விழிப்பூட்டி வழக்குகளில் 5,914. கஞ்சா எண்ணிக்கை முந்தியது அதுவே முதல்முறை. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதுக்குக் கீழே. பன்னிரண்டு கோடிப் பேர் வாழும் நாட்டில் இது சின்ன எண் என்று நமக்குப் படலாம். அங்கே அது அபாயமணி.

சத்து மாத்திரை எப்படிக் குற்றமாகிறது?

செப்டம்பர் செய்தியின் முடிச்சு இங்கேதான். ஒவ்வொரு படியாக அவிழ்ப்போம்.

1. கஞ்சாச் செடியில் பல கூறுகள் உண்டு. போதை ஏற்றுவது டி.எச்.சி.; சி.பி.டி. என்ற மற்றொரு கூறு போதை தராது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் நல்லது என்று சொல்லி உலகெங்கும் சி.பி.டி.யை விற்கிறார்கள்.

2. பழைய ஜப்பானியச் சட்டம் செடியின் எந்தப் பகுதி என்று மட்டும் பார்த்தது. இலையும் பூவும் தடை. முதிர்ந்த தண்டும் விதையும் அனுமதி. தண்டிலிருந்து எடுத்தது என்று சொன்னால் சி.பி.டி. எண்ணெய் உள்ளே வரலாம். டோக்கியோவில் அதற்குக் கடைகளே முளைத்தன.

3. அந்தச் சந்துக்குள் வேறு சரக்கும் நுழைந்தது. டி.எச்.சி.யின் மூலக்கூறை லேசாக மாற்றிச் செய்த செயற்கைப் பொருட்கள் மிட்டாயாக வந்தன. ஒன்றைத் தடுத்தால் அடுத்தது வரும். 2023 நவம்பரில் டோக்கியோவின் ஒரு பூங்கா விழாவில் இப்படிப்பட்ட மிட்டாயைத் தின்ற சிலர் மருத்துவமனைக்குப் போனார்கள். சில வாரங்களில் அதிலிருந்த எச்.எச்.சி.எச். என்ற பொருள் தடையானது.

4. 2023 டிசம்பரில் சட்டத்தையே திருத்தினார்கள். 2024 டிசம்பர் 12 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இப்போது பகுதி முக்கியமில்லை, டி.எச்.சி. எவ்வளவு என்பதே கேள்வி. எண்ணெய்க்கும் பொடிக்கும் பத்து லட்சத்தில் 10 பங்கு, பானத்துக்கு 0.1 பங்கு, மற்றவற்றுக்கு 1 பங்கு. தாண்டினால் அது போதைப்பொருள். பயன்படுத்துவதும் குற்றமானது, 7 ஆண்டு வரை சிறை. அதே திருத்தம் கஞ்சாவிலிருந்து செய்த மருந்துகளை மருத்துவர் தரலாம் என்றும் அனுமதித்தது. மறுபடியும் வாசல்தான்.

5. அமெரிக்காவின் 2018 வேளாண் சட்டப்படி, உலர் எடையில் 0.3 சதவீதம் வரை டி.எச்.சி. உள்ள செடி சாதாரணப் பயிர். 0.3 சதவீதம் என்பது பத்து லட்சத்தில் 3,000 பங்கு. ஜப்பான் எண்ணெய்க்கு வைத்த வரம்பைப்போல 300 மடங்கு.

ஆகவே அமெரிக்கக் கடையில் ரசீதோடு வாங்கிய ஒரு டப்பா நரிதா விமான நிலையத்தில் இறங்கும்போது வேறொன்றாகிவிடுகிறது. வாங்கியவருக்குத் தெரிந்ததா இல்லையா என்பது நீதிமன்றத்துக்குத்தான் முக்கியம். பெரிய பதவியில் இருப்பவர் இப்படியொரு சந்தேகம் எழும் நிலையில் நிற்கலாமா என்பதே நிறுவனம் கேட்ட கேள்வி. சத்துப் பொருட்களையும் விற்கிற நிறுவனம் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாதாரணப் பயணிக்கும் இதில் சேதி உண்டு. மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளில் சூடோஎபிட்ரின் இருக்கும். பத்து சதவீதத்தைத் தாண்டினால் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. அண்மையில் தமிழ்நாட்டுக் கடத்தல் செய்திகளில் அடிபட்ட அதே பொருள்தான். மெத்தம்பெட்டமைனுக்கு மூலப்பொருள் என்பதால் இந்தக் கெடுபிடி. கவனக்குறைவு நோய்க்கு அமெரிக்காவில் தரும் ஆம்பெட்டமைன் மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இருந்தாலும் கொண்டுபோக முடியாது. 2015இல் டொயோட்டாவின் அமெரிக்கப் பெண் உயர் அதிகாரி ஒருவர், ஆக்சிகோடோன் என்ற வலி மாத்திரைகள் பார்சலில் வந்ததற்காக டோக்கியோவில் கைதானார். பதவியை இழந்தார், வழக்கு தொடராமலே விடுவித்தார்கள். வலி நிவாரணிதானே என்று அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அங்கே இன்றும் சொல்லப்படும் உதாரணம் அது.

மதுவும் புகையிலையும் எங்கே நிற்கின்றன?

இவ்வளவு கண்டிப்பான நாட்டில் மதுவுக்குக் காட்டும் தாராளம் அசர வைக்கும். இருபத்து நான்கு மணி நேரக் கடையில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் பீர். வசந்தத்தில் செர்ரி மரத்தடியில் பாய் விரித்துப் பட்டப்பகலில் குடிக்கலாம். பொது இடத்தில் குடிப்பதற்கு நாடு தழுவிய தடை எதுவும் இல்லை. வயது மட்டும் இருபது. 2022இல் வயதுவந்தோர் என்பதற்கான வரம்பைப் பதினெட்டாகக் குறைத்தபோதும் மதுவுக்கும் சிகரெட்டுக்கும் இருபதையே வைத்துக்கொண்டார்கள்.

அதே 2022இல் தேசிய வரி நிறுவனம் 'சாகே விவா' என்ற போட்டியை அறிவித்தது. இளைஞர்கள் குடிப்பது குறைந்து மதுத் தொழில் தேய்கிறது, அவர்களைக் குடிக்க வைக்க யோசனை சொல்லுங்கள் என்பதே போட்டி. டாஸ்மாக் வருமானம் பார்த்துப் பழகிய நமக்கேகூட இது கொஞ்சம் அதிகம்தான். மறுபுறம் சுகாதார அமைச்சகம் 2024இல் முதல்முறையாகக் குடிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டு, ஒரு நாளில் எத்தனை கிராம் ஆல்கஹால் தாண்டினால் நோய் ஆபத்து கூடும் என்று எச்சரித்தது.

புகையிலையில் அரசின் கை இன்னும் வெளிப்படை. 1985 வரை அது அரசின் தனியுரிமை. இப்போதும் ஜப்பான் டொபாகோ நிறுவனத்தின் பங்கில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அரசிடம் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

மதுவில் ஜப்பான் கண்டிப்பாக மாறிய ஓர் இடம் உண்டு. 2006இல் ஃபுகுவோகாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் ஒரு குடும்பத்தின் காரை மோதியதில் அது பாலத்திலிருந்து கடலில் விழுந்து மூன்று குழந்தைகள் இறந்தன. அடுத்த ஆண்டே சட்டம் மாறியது. ஓட்டியவர் மட்டுமல்ல, அவருக்கு மது ஊற்றியவர், வண்டி கொடுத்தவர், தெரிந்தே பக்கத்தில் உட்கார்ந்து போனவர் எல்லோருக்கும் தண்டனை. சொந்த உடம்பைக் கெடுத்துக்கொள்வது வேறு, பிறருக்கு 'மெய்வாகு' தருவது வேறு. மெய்வாகு என்றால் அடுத்தவருக்கு உபத்திரவம். இந்தச் சொல் தெரியாமல் அடுத்த பகுதி புரியாது.

கைதுக்குப் பிறகு

சட்டப்படி பார்த்தால் முதல்முறை பிடிபட்ட சாதாரணப் பயனாளர் பெரும்பாலும் சிறைக்குப் போவதில்லை. விழிப்பூட்டி வழக்கில் ஒன்றரை ஆண்டுச் சிறை, மூன்று ஆண்டு நிறுத்திவைப்பு என்பது கிட்டத்தட்ட வாய்ப்பாடு மாதிரி. உண்மையான தண்டனை நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கிறது.

குற்றம் சாட்டுவதற்கு முன்பே 23 நாள் வரை காவலில் வைக்கலாம். அதற்குள் பெயரும் முகமும் தொலைக்காட்சியில் வந்துவிடும். 2019இல் நடிகரும் இசைக்கலைஞருமான பியர் தாக்கி கோக்கெய்ன் வழக்கில் கைதானபோது, அவர் இருந்த இசைக்குழுவின் குறுந்தகடுகளையெல்லாம் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அவர் நடித்த ஒரு படத்துக்கு அறிவித்திருந்த ஒரு கோடி யென் அரசு உதவியையும் நிறுத்தினார்கள். அந்த நிறுத்தம் தவறு என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. நாலு வருடம் பிடித்தது.

நம்மூரில் 'நாலு பேர் என்ன சொல்லுவாங்க' என்கிறோமே, அந்த நாலு பேருக்கு ஜப்பானிய மொழியில் 'செகென்' என்று பெயர். பிடிபட்டவர் முதலில் மன்னிப்புக் கேட்பது செகெனிடம்தான். பெற்றோர் மன்னிப்புக் கேட்பார்கள், கம்பெனி மன்னிப்புக் கேட்கும், பல்கலைக்கழகமும் தலை குனியும். குற்றத்தில் உடல்நலக் கேடு எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. எத்தனை பேருக்கு மெய்வாகு என்பதே அளவு. வெளிநாட்டாருக்கும் விலக்கு இல்லை. 1980இல் பால் மெக்கார்ட்னி சுமார் 219 கிராம் கஞ்சாவோடு நரிதாவில் இறங்கி ஒன்பது நாள் காவலில் இருந்துவிட்டுக் கச்சேரி நடத்தாமலே திரும்பினார். 1994இல் போதைப்பொருள் வழக்கைக் காரணம் காட்டி மரடோனாவுக்கு விசா மறுத்ததால் அர்ஜென்டினா அணியே கிரின் கோப்பைக்கு வரவில்லை. அந்தக் கோப்பைக்குப் பெயர் கொடுத்ததும் ஒரு பீர் நிறுவனம்தான்.

வலையின் ஓட்டை

இந்த அணுகுமுறையால் சட்டவிரோதப் போதைப்பொருளைத் தொட்டவர்களின் விகிதம் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும்விட மிகக் குறைவாகவே இருக்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் 'மனிதனாக இருப்பதை விடுகிறாயா' என்று கேட்டு வளர்த்த நாட்டில், பழக்கத்துக்கு ஆளானவர் உதவி கேட்டு வாய் திறப்பது மிகக் கடினம். 1985இல் தானே விழிப்பூட்டிக்கு அடிமையாக இருந்து மீண்ட கொந்தோ த்சுனேயோ டோக்கியோவில் 'தார்க்' என்ற மறுவாழ்வு இல்லத்தைத் தொடங்கினார். இன்று நாடெங்கும் அதன் கிளைகள் உண்டு. மனநல மருத்துவர் மத்சுமோதோ தோஷிஹிகோ போன்றவர்கள் பயமுறுத்தும் பிரச்சாரத்தை வெளிப்படையாக விமர்சிக்கிறார்கள். அடிமைத்தனம் நோய், அவமானம் அதற்கு மருந்தாகாது என்பது அவர்கள் பேச்சு.

இதைவிடப் பெரிய ஓட்டை மருந்துக்கடையில் இருக்கிறது. டோக்கியோவின் கபுகிச்சோ பகுதியில் திரளும், வீட்டைவிட்டு வந்த பதின்வயதினர் கஞ்சா தேடி அலைவதில்லை. இருமல், சளி மாத்திரைகளை டப்பாக் கணக்கில் விழுங்குகிறார்கள். டைஹைட்ரோகோடீன், டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் போன்றவை அவற்றில் உண்டு. தேசிய மனநல ஆய்வு மையம் மனநல மருத்துவமனைகளில் நடத்தும் கணக்கெடுப்பின்படி, மருந்துப் பழக்கச் சிகிச்சைக்கு வந்த பதின்வயதினரில் கடை மருந்தை முதன்மையாகப் பயன்படுத்தியவர்கள் 2014இல் ஒருவரும் இல்லை. 2022இல் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகே வந்துவிட்டார்கள். காவல்துறை இவர்களைப் பிடிக்க முடியாது. ஏனென்றால் எந்தச் சட்டத்தையும் இவர்கள் மீறவில்லை. பள்ளிச் சுவரில் இருக்கும் 'கூடாது. ஒருபோதும்.' என்ற தாளுக்கு இவர்களைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. சரியான வாசல் வழியாக வந்த பொருள் ஆயிற்றே.

2025 மே மாதம் நாடாளுமன்றம் மருந்துச் சட்டத்தைத் திருத்தி, இப்படித் தவறாகப் பயன்படக்கூடிய மருந்துகளை இளையோருக்குப் பெரிய பொதியாகவோ ஒன்றுக்கு மேற்பட்ட டப்பாக்களாகவோ விற்கக் கூடாது என்றது. இனி தொரக்கு ஸ்தோஆவில் இருமல் மாத்திரை கேட்டு வரும் பிள்ளையிடம் வயது என்ன, வேறு கடையில் வாங்கினாயா என்று மருந்தாளர் விசாரிக்க வேண்டும். பல கடைகளில் அதே கூரையின்கீழ், நாலு தட்டு தள்ளி, 9 சதவீத சுஹாய் டப்பாக்கள் குளிர்ப்பெட்டியில் அடுக்கியிருக்கும். அங்கே இருபது வயதுக்காரர் கையில் எத்தனை டப்பா இருந்தாலும் அப்படி விசாரிக்கச் சட்டம் சொல்லவில்லை.